ஐஸ் பெக்கைக் குலுக்கிப் பார்: ஒரு பயிற்சியைப் பிரித்துப் பூட்டிய கதை

பதுளையில் ஒரு மருந்துக்கடைக்குப் போன ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி அப்படியே திரும்பி வந்தது. கடைக்காரர் கையொப்பம் வைக்க மாட்டேன் என்று சொல்லி அதே லொறியில் ஏற்றிவிட்டிருந்தார். கூடவே வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இன்சுலின் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் வெள்ளையாகப் பனி படிந்து, ஃப்ரீசரின் அடியில் மறந்துபோன மீன் பொட்டலம் மாதிரி இருந்தது.

முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். "இவங்களுக்குத் திரும்ப ஒரு ட்ரெயினிங் குடுங்க மிஸ்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னர்தான் அதே ஒன்பது பேருக்கு அதே விஷயத்தில் பயிற்சி கொடுத்திருந்தேன். 38 ஸ்லைட். மத்தியானம் புரியாணி. கடைசியில் பத்துக் கேள்வி, ஒருவரும் எட்டுக்குக் கீழே எடுக்கவில்லை. கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்று சரி போட்டிருந்தார்கள். புரியாணிக்குப் போட்டார்களா எனக்குப் போட்டார்களா என்று நான் கேட்கவில்லை.

நான் வேலை செய்வது மருந்து விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில். களஞ்சியம் ஒருகொடவத்தைப் பக்கம் இருக்கிறது. விடியற்காலையில் அங்கிருந்து கண்டி, பதுளை, யாழ்ப்பாணம் என்று குளிர்ப்பெட்டிகள் லொறியிலும் வான் வண்டியிலும் கிளம்பும். அந்தப் பெட்டிகளைக் கட்டுகிறவர்களுக்கான பயிற்சியை எப்படிப் பிரித்துத் திரும்பப் பூட்டினேன் என்பதுதான் இந்தப் பதிவு. பூட்டி முடித்த பிறகு இரண்டு ஆணி மிஞ்சிக் கிடந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கொழும்பு வெயிலில் பெட்டி கிடந்தால் கெட்டுவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் பாவனையில் இருக்கும் இன்சுலின் குப்பி சாதாரண அறைச் சூட்டில் ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும். ஒரு தடவை உறைந்தால் கதை முடிந்தது, தூக்கி எறிய வேண்டியதுதான். அதிலும் பெரிய சிக்கல், உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குச் சில நேரம் ஒன்றுமே ஆகாதது போல இருக்கும். ஊசி போட்டவருக்குச் சீனி ஏன் இறங்கவில்லை என்று டொக்டர் மண்டையைக் குடைவார். ஒருகொடவத்தையில் பெட்டி கட்டிய பையனுக்கு அது ஒருபோதும் தெரிய வராது.

உறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ஃப்ரீசரில் கிடந்த ஐஸ் பெக் கழித்தல் 20 பாகையில் இருக்கும். அதை நேரே பெட்டிக்குள் வைத்தால் பக்கத்தில் இருப்பதையும் உறைய வைக்கும். அதனால் வெளியே எடுத்து வைத்து, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஆகும் வரை பொறுக்க வேண்டும். ஐஸும் தண்ணீரும் கலந்து இருக்கும் மட்டும் அது பூச்சியத்தை விட்டு நகராது. காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் வைக்கலாம். இதற்கு வெப்பமானி தேவையில்லை, படிப்புத் தேவையில்லை, காது இருந்தால் போதும்.

பழைய ஸ்லைட்டுகளைத் திறந்து பார்த்தேன். 38இல் முப்பதுக்கு மேல் சூட்டைப் பற்றி. உறைவதைப் பற்றி ஒன்றே ஒன்று, 31ஆவது, சாப்பாட்டுக்குச் சற்று முன்னர். பனிப்பொழிவுப் படம் ஒன்றும் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் மனதில் என்ன நிற்கும்? சூடு கூடாது, ஆகவே ஐஸ் கூடக் கூட நல்லது. நான் சொல்லாத பாடத்தை நானே படிப்பித்திருக்கிறேன்.

சரி, ஸ்லைட்டை மாற்றி, உறைவதைப் பெரிதாக்கித் திரும்பவும் கூட்டம் போடலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். நல்ல வேளையாக அன்றைக்குக் கூட்ட அறை வேறொருவர் கையில் இருந்தது. "ரெண்டு நாள் காலமை வந்து சும்மா பாத்துட்டுச் சொல்றேன்" என்று முகாமையாளரிடம் கேட்டேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் சரி என்றார்.

வெள்ளவத்தையில் விடிய முன்னர் 101 பஸ் பிடித்து, புறக்கோட்டையில் இறங்கி, ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது 5.20. ஷட்டர் பாதி திறந்திருந்தது. செக்யூரிட்டி ஐயா கதிரையில். உள்ளே அக்கா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். பொதி கட்டுகிறவர்கள் 5.40க்குத்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் வான் 6.15க்கு வெளிக்கிட வேண்டும்.

கொப்பியில் எழுதியதை அப்படியே தருகிறேன். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. "5.48. மல்லி பெரிய ஃப்ரீசரைத் திறக்கிறான். ஐஸ் பெக் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. ஃப்ரீசர் விளிம்பில் டங், டங் என்று அடித்துப் பிரிக்கிறான். கை குளிர்ந்து விறைக்க, அரைக் காற்சட்டையில் துடைக்கிறான். நான்கைத் தூக்கிப் பெட்டியின் நான்கு பக்கமும் செருகுகிறான். நடுவில் இன்சுலின். இடையில் ஒன்றுமில்லை. மூடி. பழுப்பு டேப், மூன்று சுற்று. வெளியே ஹோன். 5.51."

மூன்று நிமிடம். ஐஸ் பெக்கில் வெள்ளைப் பனி கூட உதிரவில்லை.

அவன் டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன், "மல்லி, ஐஸ் பெக்கை எடுத்ததும் என்ன செய்யணும்?" தலை நிமிராமலே சொன்னான், பாதி சிங்களம் பாதி தமிழில். வெளியே வைக்கணும், அரை மணித்தியாலத்துக்கு மேல, குலுக்கணும், தண்ணிச் சத்தம் கேக்கணும். பத்துக்குப் பத்து. சொல்லி முடித்துவிட்டு அடுத்த பெட்டியில் இன்னொரு பனிக்கட்டியைச் செருகினான்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய கேள்வி உண்டு. ரொபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970இல் எழுதியது: அந்த வேலையைச் செய்தால்தான் உயிர் தப்பும் என்றால் அவரால் செய்ய முடியுமா? முடியும் என்றால் அவருக்குக் குறைவது அறிவு அல்ல, வேறெதுவோ. மல்லியால் முடியும். அப்படியென்றால் இன்னொரு பயிற்சி என்பது கால் உளுக்கியவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது மாதிரி.

என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அன்று மத்தியானம் பத்து ஐஸ் பெக்கை மேசையில் பரப்பி வைத்துவிட்டுப் போன் மணிக்கூட்டைப் போட்டேன். எங்களுடையவை தண்ணீர் நிரப்பிய, அரை லீற்றருக்குச் சற்றுக் குறைந்த வெள்ளைப் பிளாஸ்டிக். முதலாவதில் சத்தம் கேட்க 35 நிமிடம். கடைசியாகக் கேட்டது 50 நிமிடத்துக்குக் கிட்ட. ஆட்கள் வருவது 5.40, வான் போவது 6.15. கூட்டிக் கழித்துப் பாருங்கள். நான் எட்டு மாதத்துக்கு முன்னர் படிப்பித்ததை அந்த இடத்தில் செய்ய முடியாது. அவர்கள் மறக்கவும் இல்லை, சோம்பலும் இல்லை. நேரமே இல்லை.

டொனால்ட் கிர்க்பட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார். பிடித்ததா, கற்றார்களா, வேலையிடத்தில் நடத்தை மாறியதா, அதனால் பலன் வந்ததா. அநேகமான இடங்களில் முதல் இரண்டோடு கோப்பை மூடிவிடுகிறோம், நானும் அப்படித்தான். மூன்றாவது படிக்கு விடிய 5 மணிக்கு எழும்ப வேண்டும், அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த நாள் வெப்பநிலை பதியும் கருவி இரண்டை எடுத்துக்கொண்டு போனேன். லொகர் என்றால்தான் இங்கே எல்லோருக்கும் விளங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சூட்டைப் பதிந்துகொள்ளும், பிறகு கணினியில் செருகினால் கோடு போட்டுக் காட்டும். வெறும் அட்டைப்பெட்டி இரண்டுக்குள் வைத்து, ஒன்றை அவர்கள் வழக்கமாகக் கட்டுவது போல் கட்டச் சொன்னேன், மற்றதைக் குலுக்கிப் பார்த்த ஐஸ் பெக்கோடு நானே கட்டினேன். இரண்டும் பின்னேரம் வரை மேசைக்குக் கீழே.

அவர்கள் பெட்டியின் கோடு ஒரு மணித்தியாலத்துக்குள் பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே படுத்திருந்தது. எனது பெட்டி 3க்கும் 5க்கும் இடையில். லெப்டொப்பைப் பொதி மேசையிலேயே திறந்து காட்டினேன். மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிற ஆள், இருபது வருடமாகப் பெட்டி கட்டுகிறவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். கனநேரம் பார்த்தார்.

"இதை ஏன் மிஸ் எங்களுக்கு இவ்வளவு நாளா ஒருத்தரும் காட்டல்ல?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. லொகர் போகும் பெட்டிகள் வழமையாகவே உண்டு. பெரிய வைத்தியசாலைகளுக்குப் போகிறவற்றில் வைப்போம். அந்தக் கோடுகள் மாடியில் தர உறுதிப்பாட்டுப் பிரிவுக்குப் போய் அங்கேயே கோப்பாகிவிடும். கீழே கட்டுகிறவர் கண்ணில் படுவதில்லை. சமைத்தவருக்கு ஒருபோதும் ருசி பார்க்கக் கொடுக்காமல், உப்புக் கூடிப்போச்சு என்று வருடத்துக்கு ஒரு தடவை கடிதம் அனுப்புவது போன்ற வேலை.

அன்றிரவு பழைய பயிற்சியின் 'நோக்கம்' என்ற பகுதியை அழித்தேன். அதில் என்ன இருந்தது தெரியுமா? "குளிர்ச் சங்கிலியின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வர்." குளிர்ச் சங்கிலி என்றால் மருந்தைக் களஞ்சியத்திலிருந்து கடை வரை குளிர் விடாமல் கொண்டுபோவது. புரிந்துகொள்வதை யாரும் நின்று பார்க்க முடியாது. அதற்குப் பதில் ஒரு வரி எழுதினேன்: முதல் வானுக்குரிய ஐஸ் பெக் 5.15க்கு வெளியே பரப்பப்பட்டிருக்கும். கட்டுகிறவர் ஒவ்வொன்றையும் குலுக்கி, தண்ணீர் அலம்பினால் மட்டும் பெட்டிக்குள் வைப்பார். அலம்பாவிட்டால் வானை நிறுத்தி வைப்பார். மூன்றும் கண்ணால் பார்க்கக் கூடியவை. மூன்றாவதுதான் மிகக் கஷ்டமானது என்று எழுதும்போது எனக்குத் தெரியாது.

முதலாவதற்கு ஆள் வேண்டும். கட்டுகிறவர் ஒருவரை அரை மணித்தியாலம் முந்தி வரச் சொல்லலாம் என்றேன். ஓவர்டைம் கணக்கு என்றதும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. அதனால் ஒரு சுவரொட்டி அடித்து ஃப்ரீசர் மூடியில் ஒட்டினேன், முந்தின இரவு கடைசியாகப் போகிறவர் எடுத்து வைக்கட்டும் என்று. அது மடத்தனம். இரவு எடுத்தால் விடியும்போது வெறும் தண்ணீர்தான் இருக்கும். இரண்டு கிழமையில் அதற்கு மேல் யாரோ வெசாக் தன்சல் அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள். நான் அதைக் கிழிக்கவில்லை, என் சுவரொட்டியை விட அது பிரயோசனமாக இருந்தது.

பதில் முதல் நாளே என் கண் முன்னால் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றது. அக்கா 5 மணிக்கு வருவார். ஷட்டரைத் திறந்ததும் முதல் வேலை பெரிய கேத்தலை அடுப்பில் ஏற்றுவது. தண்ணீர் கொதிக்கும் வரை அவர் கை சும்மாதான் இருக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மனிய உளவியலாளர் 1990களிலிருந்து எழுதிவந்த ஒரு விஷயம் இதற்குப் பொருந்தும். "நான் கவனமாக இருப்பேன்" என்று தீர்மானிக்கிறவரை விட, "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று ஒரு கொக்கியில் மாட்டிவிடுகிறவர் கூடுதலாகச் செய்து முடிக்கிறார். இங்கே கொக்கி கேத்தல். கேத்தலை வைத்ததும் ஐஸ் பெக்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மிகவும் பெருமையாகச் சொன்னேன் போலிருக்கிறது.

"பிள்ளை, நான் தேத்தண்ணி போடத்தான் வந்தனான். மருந்துப் பெட்டி வேலைக்கு எனக்கு யார் சம்பளம் தாறது? நாளைக்கு ஒண்டு பிழைச்சா என்னைத்தானே கேப்பினம்?"

நியாயமான கேள்வி. எந்தப் பயிற்சி நூலிலும் இந்தக் கேள்விக்கு ஓர் அத்தியாயம் கிடையாது. அவருக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவும், வேலை விபரத்தில் ஒரு வரியும், பிழைத்தால் அவர் பொறுப்பல்ல என்று ஒரு கடிதமும் வாங்க மூன்று கிழமை பிடித்தது. இந்தத் திட்டத்தில் நான் செலவழித்த மணித்தியாலங்களில் பெரும்பகுதி அந்த ஒற்றைக் கடிதத்துக்குத்தான் போயிற்று. முகாமையாளர் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் என் விளக்கமல்ல. திரும்பி வந்த அந்த ஒரு பெட்டியின் விலையை நான் கடிதத்துக்கு மேலே பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.

பரப்ப இடம் வேண்டுமே? குவித்து வைத்தால் நடுவில் இருப்பது உருகாது, ஒற்றை அடுக்காக இடைவெளி விட்டு வைக்க வேண்டும். மேசை முழுக்கப் பெட்டியும் டேப்பும். கிராண்ட்பாஸில் மூடிய ஒரு பேக்கரியிலிருந்து பாண் தட்டு அடுக்கும் இரும்பு ராக்கை ஒன்று பழைய விலைக்குக் கிடைத்தது. சில்லும் இருந்தது. கம்பித் தட்டு, காற்று சுற்றிப் போகும். அற்புதம் என்று நினைத்தேன். அடுத்த நாள் தரை முழுக்க ஈரம், ஒருவர் வழுக்கி விழப் பார்த்தார். அடித்தட்டில் ஒரு தகரத் தட்டம் வைத்ததும் அது சரியாகியது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பயிற்சி. இருபது நிமிடம், நின்றபடி, பொதி மேசையில், வேலை நேரத்தில். ஸ்லைட் இல்லை. புரியாணியும் இல்லை, அதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு இருந்தது.

மூன்று ஐஸ் பெக் கொண்டுபோனேன். ஒன்று அப்போதே ஃப்ரீசரிலிருந்து எடுத்தது, ஒன்று பக்குவமானது, ஒன்று முழுக்கத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரும் குலுக்க வேண்டும். "சத்தே எஹெனவாத? சத்தம் கேக்குதா?" முதல் ஆளே கேட்கவில்லை என்றார், பக்குவமானதைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டாவது ஆளும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் கவனித்தேன், கோல்ட் ரூம் கொம்ப்ரசர் உறுமிக்கொண்டிருக்கிறது, ரேடியோவில் காலைப் பாட்டு, வெளியே வான். என் மேசையில், மத்தியான அமைதியில் கேட்ட சத்தம் விடிய 6 மணிக்கு அந்த அறையில் கேட்காது.

மூத்த அண்ணன்தான் காப்பாற்றினார். காதில் வைக்காமல், ஐஸ் பெக்கைத் தட்டையாகப் பிடித்து மணிக்கட்டை இடமும் வலமும் வெட்டினார். "காதுல வேணாம் மிஸ், கையில பாருங்க. உள்ளுக்க ஓடுது." வாங்கிப் பிடித்தேன். உண்மைதான், பனிக்கட்டி ஒரு பக்கம் சரிந்து தட்டுவதும் தண்ணீர் பின்னால் ஓடுவதும் உள்ளங்கையில் தெளிவாகத் தெரிந்தது. முழுக்க உறைந்தது கல்லுத் துண்டு மாதிரி அசையாது. முழுக்க உருகியது வெறுமனே தளும்பும், கட்டி தட்டாது. மூன்றுக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியும். அந்த நிமிடத்திலிருந்து பயிற்சியை அவர் எடுத்துக்கொண்டார், நான் கொப்பியோடு ஓரமாக நின்றேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக ஆக்கிய வேலைப் பயிற்சி முறை ஒன்று உண்டு. ஆளை ஆயத்தப்படுத்து, செய்து காட்டு, செய்யவிடு, பின்தொடர்ந்து பார். அதில் எனக்குப் பிடித்தது, கற்பவர் செய்துகொண்டே ஏன் அப்படிச் செய்கிறார் என்று வாயாலும் சொல்ல வேண்டும். அண்ணன் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அதையேதான் செய்தார். மல்லியின் கையில் ஐஸ் பெக்கைக் கொடுத்து, "இப்ப வைப்பியா மாட்டியா, ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அடுத்தது ஹோன். அதை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணியிருந்தேன். வான் சாரதி ஒருவரிடம், நான் கை காட்டியதும் அடிக்கச் சொல்லியிருந்தேன். அவர் பாத்திரத்துக்குள் அளவுக்கு மேல் இறங்கிவிட்டார். ஹோன் அடித்துக்கொண்டே உள்ளே வந்து, "இன்னும் முடியல்லையா? கடுகண்ணாவையில ட்ரெஃபிக் பட்டா நீயா வந்து தள்ளுவ?" என்று கத்தினார். கையில் பக்குவமாகாத ஐஸ் பெக்கோடு நின்ற பையன் உடனே அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். பயிற்சி நடக்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன், இப்போதுதான் இது கூடாது என்று தன் வாயாலேயே சொன்னவன். ஹோன் கேட்டதும் கை தானாகப் போனது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது, இவர்கள் பழக வேண்டியது குலுக்குவதை அல்ல, சாரதியைப் பொறுக்கச் சொல்வதை. 24 வயதுப் பையன் ஐம்பது வயதுச் சாரதிக்கு அதைச் சொல்ல என்ன வார்த்தை இருக்கிறது? நாங்கள் அங்கேயே ஒரு வசனத்தைத் தேடினோம். "சேர் சொன்னார்" என்றால் சேரிடம் போவார்கள். "சட்டம்" என்றால் சண்டை. கடைசியில் நின்றது இது: "அங்கிள், ஐஸ் இன்னும் கல்லு. இதோட போனா பெட்டி திரும்பி வரும்." திரும்பி வருகிற பெட்டியைச் சாரதிதான் சுமக்க வேண்டும், அதனால் அது அவருக்கு உறைக்கும். ஒவ்வொருவரும் அந்த வசனத்தை உரத்து இரண்டு தடவை சொன்னார்கள், ஹோன் அடிக்க அடிக்க. சிங்களத்தில் 'அங்கிள்' மாறவில்லை, மற்றதெல்லாம் மாறியது.

பயிற்சி முடிந்தது. அடுத்த கிழமையிலிருந்து நாளுக்கு ஒரு பெட்டியில் லொகர். எந்தப் பெட்டி என்று சீட்டுக் குலுக்கி எடுப்போம். அது எங்கள் வானிலேயே போய்த் திரும்பி வரும், கோட்டை அச்சடித்து ஃப்ரீசருக்கு மேலே ஒட்டுவோம். பெயர் போடுவதில்லை.

முதல் நான்கு நாள் நல்லது கெட்டது கலந்து வந்தது. ஐந்தாம் நாளிலிருந்து அப்படியே மாறியது. கோடு 4 பாகையில் கோடுபோட்ட கொப்பி மாதிரி நேராக. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். சந்தோஷத்தில் முகாமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன்: பதுளைக்குப் போய் வந்த பெட்டியில் ஏற்ற இறக்கமே இல்லாமல் இருக்குமா? கண்டிச் சூடும் நுவரெலியாக் குளிரும் ஒரு கீறல் கூடப் போடாமலா?

லொகர் பதுளைக்குப் போகவே இல்லை. கோல்ட் ரூமில், மூன்றாவது தட்டில், ஒரு பெட்டிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. யார் என்று கேட்கவில்லை. ஏன் என்று அண்ணனிடம் கேட்டேன். முந்தின கிழமை முகாமையாளர் நடந்து போகும்போது, கோடு கீழே போனால் யார் கட்டியது என்று பார்க்கத்தான் வேண்டும் என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையோடு கண்ணாடியாக இருந்த கருவி பொலிஸாக மாறிவிட்டது. முகாமையாளரை அழைத்து வந்து, ஆள் தேட மாட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சொன்னார். அடுத்த கிழமையிலிருந்து கோடு திரும்பவும் மேடு பள்ளமாக வந்தது. அந்த அசிங்கமான கோட்டைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதி.

இரண்டாம் மாதம் இன்னொரு அடி. கொள்வனவுப் பிரிவு மலிவாகக் கிடைக்கிறதென்று இருநூறு புது ஐஸ் பெக் வாங்கியிருந்தது. நீல நிறம், பார்க்க வடிவு. உள்ளே தண்ணீர் அல்ல, ஜெல். ஜெல் குலுக்கினாலும் ஓடாது. மணிக்கட்டுப் பாடம் முழுவதும் ஒரே நாளில் செத்துப்போனது. மல்லி ஒன்றைத் தூக்கி ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது எப்பவுமே கல்லு" என்றான். ஜெல்லுக்கு வேறு அடையாளம் உண்டு, அமுக்கினால் மசிந்து, மேல் பனி கரைந்து வியர்வை மாதிரி நனைந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு வகைக்கு இரண்டு பாடம் என்றால் விடிய 5.50க்கு இரண்டும் கலக்கும். பயிற்சியை மாற்றுவதா, ஐஸ் பெக்கை மாற்றுவதா என்று மூன்று நாள் இழுபறி. கடைசியில் நீலம் முழுவதையும் இன்சுலினும் தடுப்பூசியும் அல்லாத, உறைந்தால் பாதகமில்லாத சாமான்களுக்கு ஒதுக்கினோம். இப்போது ஐஸ் பெக் வாங்கும் படிவத்தில் 'தண்ணீர் வகை மட்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதிதான், வகுப்பறையில் இல்லாத பகுதி.

இன்றைக்கு ஐந்து மாதம். இன்சுலின் உறைந்து திரும்பி வந்த பெட்டி இதுவரை இல்லை. ஆனால் இங்கே ஐந்து மாதம் போதாது, எட்டு மாதத்தில் ஒரு பெட்டிதானே முதலில் வந்தது. அதனால் நான் பார்ப்பது திரும்பி வரும் பெட்டியை அல்ல, ராக்கையை. மாதம் ஒரு காலை, சொல்லாமல் போய் நிற்பேன். பாண் தட்டில் ஐஸ் பெக் இருக்கிறதா, கட்டுகிறவர் மணிக்கட்டை வெட்டுகிறாரா, வான் எத்தனை நிமிடம் நிற்கிறது. மூன்று கோடு கொப்பியில். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவன் மணிக்கட்டை வெட்டுவதைப் பார்த்தேன். யார் சொன்னது என்றேன். மல்லியைக் காட்டினான்.

மிஞ்சிய ஆணிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முந்தின நாள். இரண்டு நாள் சாமான் ஒரே காலையில் போகும், பாண் ராக்கை பாதிக்குத்தான் போதும். மீதிப் பாதி எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும், கட்டுகிறவர்களுக்கும் தெரியும். இன்னொரு ராக்கை கேட்டு எழுதியிருக்கிறேன்.

மற்றது போன மாதம். 5.25க்குப் போனேன். ராக்கை வெறுமையாக நின்றது. கேத்தல் குளிர்ந்து கிடந்தது. அக்காவுக்குக் காய்ச்சல், லீவு. கேத்தல் இல்லையென்றால் ஐஸ் பெக்கும் இல்லை, கொக்கியை அவ்வளவு இறுக்கமாக மாட்டியிருக்கிறேன். அவசரத்தில் நானே ஃப்ரீசரைத் திறந்து விளிம்பில் டங், டங் என்று அடித்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி ஐயா கதிரையிலிருந்து எழும்பி வந்து ஒரு தட்டைப் பிடித்தார். விடிய 4 மணியிலிருந்து அங்கே இருக்கிற ஆள் அவர்.

"நான் எடுத்து வைக்கலாம் மிஸ்," என்றார், ஐஸ் பெக்கை ஒவ்வொன்றாக அடுக்கியபடி. "அக்காவுக்குக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு கடிதம் தருவீங்களா?"